கண்மணி அக்கா அளந்த கடல்

மலேசியாவின் கோலா சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கண்மணி அக்கா, வட துருவக் கடல்வரை போய் வந்தவர். உலகின் பருவநிலையைக் காப்பாற்றப் போனாரா என்றால், இல்லை. சமைக்கப் போனார்.

நம் ஊர்ச் சேற்றுக் கரைக்கு வரும் வெளிநாட்டுப் பறவைகளை எண்ண ஹென்ரிக் என்ற நார்வேக்காரப் பேராசிரியர் ஒருமுறை வந்தார். இரண்டு வாரம் பறவைகளை எண்ணினார். மூன்று வேளையும் அக்கா கடையில் சாப்பிட்டார். ஊர் திரும்பியதும் அழைப்பு அனுப்பினார். பாய்மரக் கப்பலில் ஏழு வாரம் வடக்கே போய்ப் பனியையும் பறவைகளையும் திமிங்கிலங்களையும் பதிவு செய்யப் போகிறார்களாம். சமையலுக்கு ஆள் இல்லையாம்.

அக்காவின் கணவர் தங்கராஜு எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவர். "ஐஸ் பாக்கணும்னா பாசார்ல ஐஸைத் துருவி ஐஸ் கச்சாங் தர்றான் லா. அதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமா?" என்றார்.

"முப்பது வருசமா ஒரே அடுப்புங்க. வேற அடுப்பையும் பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பிவிட்டார்.

கப்பலில் பத்துப் பேர். "இங்கே எல்லோரும் சமம்," என்று ஹென்ரிக் முதல் நாளே அறிவித்தார். அதனால் சுக்கான் பிடிக்க எல்லோருக்கும் முறை வந்தது. பாத்திரம் கழுவும் முறை மட்டும் அக்காவை விட்டு நகரவில்லை. புகைப்படக்காரர் ஒரே பறவையை இருநூறு படம் எடுத்தார். அக்கா இடம்பெற்ற ஒரே படத்தில் அவருடைய முழங்கை தெரிந்தது.

உறைந்த கோழியை அக்கா கடல்நீர் வாளியில் போட்டு இளக வைப்பார். தண்ணீர் குளிரக் குளிர நேரம் கூடும். ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வாளி மொண்டு, இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் வெப்பமானியை அதில் விட்டு, காட்டிய எண்ணைத் தமிழ் நாள்காட்டியில் இராகு காலத்துக்குக் கீழே எழுதிவைப்பார்.

நான்காவது வாரம் குட்டு உடைந்தது. கடலின் வெப்பத்தைத் தானாகவே பதிய வேண்டிய உயர்ரகக் கருவி, பதினொரு நாளாக எதையுமே பதியவில்லை. பச்சை விளக்கு மட்டும் கடமை தவறாமல் எரிந்திருந்தது. மூன்று முனைவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கோப்பி கொண்டுவந்த அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாள்காட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

ஹென்ரிக் அக்காவின் வெப்பமானியை ஐஸ் தண்ணீரில் சோதித்தார். சரியாகப் பூஜ்யம் காட்டியது. பிறகு பதினொரு எண்களையும் படித்தவர் முகம் வெளுத்தது. எல்லாமே எதிர்பார்த்ததைவிட அதிகம். கோழி சீக்கிரம் இளகுகிறதே என்று அதுவரை சந்தோஷப்பட்டிருந்த அக்காவுக்கு, கடல் சூடாகிவருவதுதான் காரணம் என்று அப்போதுதான் உறைத்தது.

மறு வருடம் அறிக்கை வந்தது. ரவாங்கில் வேலை பார்க்கும் மகள் நித்தியா படித்துச் சொன்னாள்: "ம்மா, உங்க நம்பர் எல்லாம் இருக்கு. பேருதான் இல்ல. 'துணை ஆதாரம்: சமையலறை'ன்னு போட்டிருக்காங்க."

"சமையலறைக்குக் கை இருக்கா, வாளி தூக்க? இதையே எழுதி அனுப்பு."

நித்தியா அப்படியே அனுப்பினாள். ஹென்ரிக் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார், பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு. அக்கா மறுபடியும் எழுத வைத்தார். மூன்றாம் முறை சரியாக வந்தது.

இப்போது செம்பனை ஆலையில் எடைக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் தங்கராஜு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் மற்ற ஓட்டுநர்களுக்குக் காட்டுகிறார். ஒரு வரியும் புரியாமல் அவர்கள் வெகுநேரம் உற்றுப் பார்க்கிறார்கள்.

"அக்கா பேர இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம் லா," என்கிறார்கள்.