ஒழுகல் அல்ல, வேர்வை

தாம்பரத்தில் ஒரு ஏசி கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் ஐந்து வருடம் குழாய்களைக் கோடுகளாகவே போட்டுக்கொண்டிருந்தேன். சைட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், "ஏணி ஏறணும்மா, உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கஷ்டத்தை நான் படப்போகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது?

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி ஒரு புதுப் பயிற்சி வைத்தது. காற்றை ஊதாமலே குளிரவைக்கும் முறை. கூரைத் தகடுகளுக்குப் பின்னால் செப்புக் குழாய்கள், அவற்றுக்குள் குளிர்ந்த தண்ணீர். அறையின் சூட்டைக் கூரையே வாங்கிக்கொள்ளும். கூடுவாஞ்சேரியில் ஒரு ஷெட்டுக்குள் இதற்கென்று சின்னச் சின்ன அறைகள் கட்டியிருந்தார்கள். மூன்று வாரம். தேறினால் சைட், தேறாவிட்டால் பழைய மேஜை. சண்டை போட்டுத்தான் பெயர் கொடுத்தேன்.

இரண்டு பேருக்கு ஓர் அறை. என்னோடு சேர்ந்தவர் ஊரப்பாக்கத்து அண்ணன் ஒருவர். குழாய்களைப் பற்றவைப்பதில் கெட்டிக்காரர், ஆனால் ஒப்பந்த ஆள். தேறினால்தான் அவருக்கு நிரந்தர வேலை. "ஜாயிண்ட்ட நான் பாத்துக்கறேன், மிஷினை நீ பாத்துக்கோம்மா" என்று முதல் நாளே பிரித்துக்கொண்டார்.

தேர்வுக்கு ஒரே விதி: அறை குளிர வேண்டும், கூரையிலிருந்து ஒரு சொட்டு விழக் கூடாது. நம் ஊர்க் காற்றில் அதுதான் பெரிய பாடு. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்கிறதே, அப்படித்தான் கூரையும் வேர்க்கும். அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, என் பொறுப்பில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வாரமும் என் நோட்டு முழுக்க ஈரம், ஈரம் என்றே எழுதியிருந்தேன்.

தேர்வன்று மழை. முதல் ரயிலில் போய்விட்டேன். அறையில் யாரோ சேற்றுச் செருப்போடு நடந்திருந்தார்கள். தேர்வு வைக்கக் கம்பெனியின் பெரிய சாரே வருகிறார், தரை இப்படியா இருப்பது? ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து மூலை முடுக்கெல்லாம் ஈரத் துணி போட்டுத் துடைத்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் செய்கிற வேலை. கை தானாகப் போய்விட்டது. அட, மூளையே இல்லையா எனக்கு!

பத்து மணிக்குப் பெரிய சார், பயிற்சி சூப்பர்வைசரோடு உள்ளே வந்தார். அண்ணாந்து பார்த்தவரின் மூக்குக் கண்ணாடிமேல் சொட்டென்று ஒரு துளி.

"ஜாயிண்ட் ஒழுகுது சார். பத்தவெச்சது சரியில்ல" என்றார் சூப்பர்வைசர், எதையும் பார்க்காமலே.

அண்ணன் முகம் செத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பழி அவரோடு போய்விடும். அரை நிமிடம் அப்படித்தான் நின்றேன். பொய் சொல்வானேன்?

"ஒழுகல சார், வேர்க்குது. ஜாயிண்ட் நல்லாத்தான் இருக்கு. காலையில நான்தான் தரையை ஈரத் துணியால துடைச்சேன்."

வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள். பெரிய சார் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்து, அண்ணன் தேறிவிட்டார் என்றார். சூப்பர்வைசர் பட்டியலில் என் பெயரை ஒரே கோட்டில் அடித்தார்.

விடுவேனா? "சாயங்காலம் வரைக்கும் இந்த ரூமை எங்கிட்ட விடுங்க சார்."

"எதுக்கும்மா?"

"சைட்ல வேர்த்தா அங்க யாரு சார் காயவைப்பாங்க? நான்தானே?"

பெரிய சார் வாட்சைப் பார்த்தார். "நாலரை வரைக்கும். அதுக்கு மேல எனக்கு டிரெயின் இருக்கு."

கதவைச் சாத்தினேன். குழாய்த் தண்ணீரின் குளிரைக் குறைத்தேன். ஏணியில் ஏறி, காய்ந்த துணியால் தகடு தகடாகத் துடைத்தேன். கழுத்து விட்டுப்போயிற்று. கால் மணிக்கு ஒரு தடவை காற்றின் ஈரத்தை அளந்தேன்; அது இறங்க இறங்க, தண்ணீரை ஒவ்வொரு டிகிரியாகத் திரும்பக் குளிரவைத்தேன். அவசரப்பட்டால் மறுபடி வேர்க்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அண்ணன். "இன்னாம்மா, சாப்ட வர்ல?"

"தொறக்காதீங்கண்ணா, மழை ஈரம் உள்ள வந்துடும்."

"அப்போ நானும் இங்கியே குந்திக்கினுகீறேன். எவனையும் வுடமாட்டேன், நீ வேலயப் பாரு."

சூப்பர்வைசரையே அவர் திருப்பி அனுப்பியது எனக்குக் கேட்டது.

நாலரைக்குப் பெரிய சார் வந்தார். கதவைத் தனக்குப் பின்னால் தானே சாத்திக்கொண்டார். அறையின் குளிரில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஏணியில் ஏறிக் கூரையின் நான்கு மூலையிலும் உள்ளங்கையை வைத்தார். இறங்கி, கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

சூப்பர்வைசரிடமிருந்து பட்டியலை வாங்கி, அடித்திருந்த என் பெயருக்குக் கீழே என் பெயரை முழுசாக இன்னொரு தடவை எழுதினார். பக்கத்தில் 'சைட்' என்று போட்டார்.