ரோட்ஸ் தீவுக் கதிரைகள்

மங்களேஸ்வரி அக்கா ஒஸ்லோவில் ஒரு சிறிய நூதனசாலையில் காவல் வேலை பார்த்தார். கடலையும் மீன்பிடியையும் பற்றிய பழம்பொருட்களைக் காட்டும் நூதனசாலை அது. ஒன்பது அறைகள், அறைக்கு ஒரு காவலாளி. காலை பத்து மணிக்குக் கதவு திறந்தால், மதியச் சாப்பாட்டு நேரம் தவிர, மாலை ஐந்து மணிவரை அத்தனை பேரும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கப்படாத சட்டம். ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

நிற்பது அவருக்குப் புதிதல்ல. எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தவர், வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்றபடியே மீன் வெட்டினார். பிறகு கணவர் சபாரத்தினத்தோடும் மகள் யதுர்ஷாவோடும் ஒஸ்லோவுக்கு வந்து, வெஸ்ட்லியில் நாங்கள் இருக்கும் கட்டடத்திலேயே ஏழாம் மாடியில் குடியேறினார். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு முழங்கால்களும் பழுதாகிவிட்டன. லிப்ட் வேலை செய்யாத நாட்களில், ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு ஏறுவார். “உதவட்டோ அக்கா?” என்று கேட்டால், “வேண்டாம், நீர் போம்” என்பார்.

2005ஆம் ஆண்டு வசந்தத்தில், டொக்டர் கொடுத்த கடிதத்தோடு பொறுப்பாளர் ஹோகொனிடம் போனார். ஹோகொன் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தத் தெரியாதவர்.

“நீங்கள் ரிக்கற் மேசைக்கு மாறலாம். அங்கே உட்காரக் கதிரை இருக்கிறது,” என்றார்.

“அப்ப குன்வோருக்கு?”

குன்வோர் பக்கத்து அறையின் காவலாளி. அறுபத்தொரு வயது. காலில் நரம்பு புடைத்து, இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு நிற்பவர்.

“கடிதம் உங்களுக்கு மட்டும்தானே வந்திருக்கிறது.”

“எனக்கு ரிக்கற் மேசை வேண்டாம். ஒன்பது அறைக்கும் ஒன்பது கதிரை வேண்டும்.”

ஹோகொன் சிரித்தார். உட்கார்ந்திருக்கும் காவலாளியைக் கண்டால் பார்வையாளர்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நூதனசாலை என்ற சொல்லையே எங்களுக்குத் தந்தவர்கள் கிரேக்கர். அவர்களுடைய நூதனசாலைகளைப் பாருங்கள். அங்கே ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்,” என்றும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அக்கா மகளைக் கூப்பிட்டார்.

“யதுர்ஷா, இந்தமுறை லீவுக்குக் கிரேக்கத்துக்குப் போவம். எந்த இடம் மலிவெண்டு பார்.”

அதுவரை அவர்களுடைய விடுமுறை என்றால் லண்டன், இல்லாவிட்டால் ரொறன்ரோ. சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு அவர்கள் போனதில்லை.

“அங்கை ஆர் அம்மா இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. மியூசியம் இருக்கு.”

சபாரத்தினம் அண்ணை தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பினார். “கடல் இருக்கோ?”

“நாலு பக்கமும் இருக்கு.”

“அப்ப சரி.”

யதுர்ஷா இணையத்தில் தேடி ரோட்ஸ் தீவுக்கு ஒரு வாரச் சுற்றுலா ஒன்றைப் பிடித்தாள். செப்டம்பரில் கணவனும் மனைவியும் புறப்பட்டார்கள். விமானம் நிறைய வெயிலுக்காகப் போகும் நோர்வேக்காரர்கள். அக்காவின் கைப்பையில் யதுர்ஷா வாங்கிக் கொடுத்த டிஜிற்றல் கமெராவும் எழுத ஒரு கொப்பியும் முழங்காலுக்குப் பூசும் மருந்தும் இருந்தன.

போய் இறங்கிய மறுநாள் திங்கட்கிழமை. பழைய நகரத்தின் உருளைக்கல் தெருவில் ஒவ்வோர் அடியாக வைத்து, பெரிய நூதனசாலையின் வாசலுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. திங்களில் திறப்பதில்லை. அண்ணை கடற்பக்கம் பார்த்தார். அக்கா மதிலில் பத்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பினார். “நாளைக்கு வருவம்.”

செவ்வாய்க்கிழமை முதல் ஆட்களாக உள்ளே போனார்கள். பல நூறு வருடங்களுக்கு முன்பு ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம் அது. முற்றத்தைக் கடந்து படியேறி, சிறிய பளிங்குச் சிலைகள் இருந்த அறைக்குள் நுழைந்தவுடன் அக்கா நின்றுவிட்டார். வாசலோரம், மரக்கதிரையில், நீலச் சட்டை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காவலாளி.

அக்கா கமெராவை எடுத்தார். அந்தப் பெண் கையை உயர்த்தினாள். சிலையைப் படம் எடுக்கலாம், வேலையாட்களை எடுக்கக்கூடாது.

திரும்பிப் போகவா இவ்வளவு தூரம் வந்தார்? தன் வேலை அட்டையை எடுத்துக் காட்டினார். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், “நானும் காவல். ஒஸ்லோவில். அங்கே கதிரை இல்லை. ஏழு மணித்தியாலம் நிற்கிறோம்,” என்றார். பிறகு குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

பெண் அட்டையைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். எழுந்து, கதிரையை அவர் பக்கம் தள்ளினாள்.

“இரு,” என்றாள்.

அக்கா இருந்தார். அவர் ஒரு நூதனசாலையின் காட்சி அறைக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜெர்மன் கூட்டம் உள்ளே வந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நிற்கும்போது அவர் பார்ப்பது ஆட்களின் முகங்களை. இருந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே அவர்களுடைய கைகள் தெரிந்தன. பளிங்கைத் தொட நீளும் கை, பைக்குள் போகும் கை, பீடத்தில் சாயும் கை, எல்லாம்.

“கை,” என்றார் அந்தப் பெண்ணிடம், தன் கையை ஆட்டிக் காட்டி.

“கை,” என்று அவளும் தலையாட்டினாள். அவளுக்கு அது எப்போதோ தெரிந்த விஷயம். அவளுடைய பெயர் ஸ்தவ்ரூலா. படம் எடுக்க முடியாததால் அக்கா கொப்பியை நீட்டினார். ஸ்தவ்ரூலா அந்த அறையின் இலக்கத்தையும் தன் பெயரையும் கிரேக்க எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கதிரையையும் கீறிக் கொடுத்தாள்.

அந்த வாரம் அவர்கள் ஆறு நூதனசாலைகளுக்குப் போனார்கள். முதல் இரண்டு நாள் அண்ணை பின்னால் நின்று சலித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஒரு கிராமத்துக்குப் போனபோது, அவரே கொப்பியை வாங்கி, முன்னால் போய்க் காவலாளியைக் கண்டுபிடித்துக் கையெழுத்துக் கேட்டார். மாலையில்தான் கடலுக்குப் போனார்கள். அக்கா கரையில் இருந்தபடி அன்றைய பக்கங்களை நோர்வேஜிய மொழியில் தெளிவாக எழுதுவார்.

ஒரேயொரு இடத்தில், தட்டுமுட்டுச் சாமான்களும் பழைய உடுப்புகளும் வைத்திருந்த சின்ன நூதனசாலையில், ஒரு கிழவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதிரை இல்லை. அக்கா அதையும் எழுதினார்.

“உதை எழுதாம விடுமன். உதாலை உமக்குத்தான் கேடு,” என்றார் அண்ணை.

“ஒண்டை மறைச்சால் மிச்சமெல்லாம் பொய்யாப் போகும்.”

ஒக்டோபர் மாத ஊழியர் கூட்டத்தில் அக்கா எழுந்து கொப்பியை மேசையில் வைத்தார். ஆறு நூதனசாலைகள், இருபத்துமூன்று காவலாளிகள், அவர்களில் இருபத்திரண்டு பேருக்குக் கதிரை. பத்தொன்பது பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஹோகொன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“இங்கே ஒருவர் நிற்கிறாரே.”

“ஓம். அவருடைய கால் எப்படி வீங்கியிருந்தது என்பதும் கீழே எழுதியிருக்கிறது. வாசியுங்கள்.”

அவர் வாசித்தார். குன்வோர்தான் கேட்டார், “ஹோகொன், நீங்கள் கிரேக்கத்துக்கு எப்போது போனீர்கள்?”

ஹோகொனின் காது சிவந்தது. “போனதில்லை,” என்றார்.

அக்கா அந்த இடத்தில் சிரிக்கவில்லை. கைகளைப் பற்றிச் சொன்னார். “நாளைக்கு நாலாம் அறையில் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்து பாருங்கள். பிறகு முடிவு சொல்லுங்கள்.”

ஹோகொன் உண்மையாகவே வந்து இருந்தார். அந்த ஒரு மணித்தியாலத்தில் பழைய வலை ஒன்றை விரலால் இழுத்துப் பார்த்த இருவரைப் பிடித்துவிட்டார். மறுநாள், பரீட்சார்த்தமாக மூன்று கதிரைகள், டிசம்பரில் நத்தார்வரை, என்று அறிவித்தார்.

முதற்கதிரை அக்காவின் அறைக்கு வந்தது. அவர் அதைத் தூக்கி குன்வோரின் அறையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றார். வீட்டில் அண்ணைக்குக் கோபம் வந்தது.

“உம்மடை முழங்காலுக்குத்தானே உவ்வளவும் செய்தனீர். இப்ப என்னத்துக்கு நிக்கிறீர்?”

“நான் இருந்திட்டன் எண்டால், மிச்ச ஆறையும் கேக்க எனக்கு வாய் வராது.”

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் நின்றார். வலி கூடிய நாட்களில் யதுர்ஷா சுரங்க ரயில் நிலையத்துக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அக்கா எழுந்து ஒரே கேள்வியைக் கேட்டார்: “மற்றக் கதிரைகள் எப்போது?” தையில் மூன்று வந்தன. பங்குனி நடுப்பகுதியில் கடைசி மூன்றும் வந்தன. அதில் ஒன்றை ஹோகொனே சுமந்து அக்காவின் அறைக்குக் கொண்டுவந்து, சுவரோரம் வைத்து, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார்.

“இனி இருங்கள்,” என்றார்.

“நன்றி,” என்று சொல்லி அக்கா இருந்தார். மதியம்வரை எழும்பவில்லை. அன்று வேலை முடிந்து வந்தபோது, கட்டட வாசலில் என்னைக் கண்டு அதைச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு, லிப்டுக்குள் போய்விட்டார்.

2007இல் வலது முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. நான்கு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அரைநேர வேலைக்குத் திரும்பினார். அடுத்த வருடம் ஊழியர்கள் அவரைத் தங்கள் பிரதிநிதியாகத் தெரிவு செய்தார்கள். எதிர்த்துப் போட்டியிட யாரும் முன்வரவில்லை. பதவியேற்ற முதற்கூட்டத்திலேயே, ஏழாம் அறை யன்னலால் குளிர்காற்று வருகிறதென்று, மூன்று வாரம் தினமும் அளந்து எழுதிய வெப்பநிலைப் பட்டியலை மேசையில் வைத்தாராம்.