பேரரசரின் மச்சானும் முதலாளியின் மச்சானும்

மொன்றியலில் நான் தரை துடைத்த அருங்காட்சியகத்தில் ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கும். இடுப்பில் வாள். வழிகாட்டும் பெண் அவருடைய கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டு, எனக்குப் பாதிப் பிரெஞ்சு வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

போர்களைச் சொல்லுமுன் அவள் உறவைச் சொல்வாள்: பிரபுவின் அக்காவைப் பேரரசர் மணந்திருந்தார். அதனால் படை கிடைத்தது. மாரிக் குளிரில் ஒரு கோட்டையை வளைத்து, பாதிப் பேரைச் சாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதற்காக ஒரு வயதான படைத்தலைவனை விலக்கினார்கள். பிரபுவுக்கு இன்னொரு படை கொடுத்தார்கள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

துப்புரவு ஒப்பந்தம் எங்கள் யாழ்ப்பாண முதலாளியிடம் இருந்தது. மேற்பார்வை வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால் மெழுகு மெஷின் தள்ள வேண்டாம், முழங்கால் தப்பும். கூச்சத்தை விட்டு ஒருமுறை கேட்டேன். "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டார். பிறகு ரொறன்ரோவிலிருந்து அவருடைய மனைவியின் தம்பி வந்தார். வேலை அவருக்குப் போனது.

அருங்காட்சியகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் தரைக்கு மெழுகு பூசுவோம். முதல் பூச்சுக் காய்ந்த பிறகே இரண்டாவது. ஒரு திங்கள் பின்னேரம், பியர்பொன்ட்ஸ் வீட்டில் முதலாளியின் வயதுக்கு வந்த மகளுக்குச் சாமத்தியத் தண்ணீர் வார்க்க நாள் வைத்திருந்தார்கள். மச்சான்தான் தாய்மாமன்.

"ரெண்டாவதையும் இப்பவே அடியுங்கோ அண்ணை."

"இன்னும் காயேல்லை தம்பி." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மாமன் போகாட்டி பிள்ளைக்கு ஆர் தண்ணி வாக்கிறது? நீங்களோ? அடியுங்கோ, நான் பொறுப்பு."

அடித்தேன். மறுநாள் பிரபுவின் படத்துக்கு முன்னால் தரை வெள்ளையாகப் பூத்திருந்தது. வந்தவர்களின் சப்பாத்துகள் ஒட்டின. முறைப்பாடு போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் மச்சான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு காலம் வேலை செய்யிற நீரெல்லோ அவனுக்குச் சொல்லியிருக்கோணும்?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

"ஓம்" என்றேன்.

இப்போது மொன்றியல் தீவின் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மெஷின் தள்ளுகிறேன். போக இரண்டு பஸ். முழங்கால் வீங்கிவிட்டது. மச்சானுக்கு லொங்குய்யிலும் மேற்பார்க்க ஒரு கட்டடம் கொடுத்திருக்கிறார்கள்.

தண்ணீர் வார்த்துச் சில மாதம் கழித்து மண்டபம் எடுத்துச் சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்தைப் பெரிதாகச் செய்தார்கள். என்னையும் அழைத்தார்கள். மேடையில் மச்சான் தலைப்பாகையோடு நின்றார். படம் எடுக்கும்போது, "நீரும் வாரும், பின்னுக்கு நில்லும்" என்றார் முதலாளி.

போய் நின்றேன்.