பெட்டி பிரிக்காத விளையாட்டுச் சாமான்கள்

பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். 5.45க்கு கடற்கரை ரயில் போனபோது ஜன்னல் கண்ணாடிகள் வழக்கம்போல அதிர்ந்தன. 6.10க்குத் தேநீர். 6.30க்கு பாண் விற்கும் ஆட்டோ தன் ஒரே மெட்டை இசைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. மூன்று மாடி இறங்கிப் போய் ஒரு இறாத்தல் பாணும் மீன் வைத்த மாலுப் பணிஸ் இரண்டும் வாங்கி வந்தேன். 6.50க்கு என் மகள் ஆரணி எழுந்து வந்தாள். மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த பழைய டீவி ரிமோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டு, "குட் மோர்னிங் அப்பா" என்று அதற்குச் சொன்னாள். ரிமோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன்.

ஆரணிக்கு நாலரை வயது. அவளுக்கு ஐந்து மாதமாக இருந்தபோது நான் போலந்துக்கு வேலைக்குப் போனேன். இதுதான் முதல் விடுமுறை; மொத்தம் இருபத்தொரு நாள், அன்று பதினேழாவது நாள். விமானத்தில் ஏறும்போதே நாட்குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தேன்: திரும்பிப் போவதற்குள் பிள்ளை என் முகத்தைப் பார்த்து ஒருமுறை அப்பா என்று கூப்பிட வேண்டும். பதினாறு நாட்களில் அது நடக்கவில்லை. "அது ஆர்?" என்று என் மனைவி வாசுகி என்னைக் காட்டிக் கேட்டால், "அப்பா" என்று சரியாகச் சொல்வாள். பாடசாலையில் பழத்தின் பெயர் சொல்வது போலச் சொல்வாள். ஆனால் கூப்பிடமாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் என் சட்டை நுனியை இழுப்பாள். கதை சொல்ல வேண்டுமென்றால் ரிமோட்டிடம் போவாள்.

நான் வேலை செய்வது ஒரு மரவிளையாட்டுச் சாமான் தொழிற்சாலையில். வார்சோவிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரம். முன்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பதினொரு வருடம் களஞ்சியம் பார்த்தவன் என்பதால், ஆறு மாதத்திலேயே என்னைச் சோதனை மேசைக்கு மாற்றினார்கள். அந்த மேசையைத் தாண்டித்தான் எந்தச் சாமானும் பெட்டிக்குள் போகும். கையில் அடங்கும் ஒவ்வொரு துண்டையும் ஒரு சின்னக் குழாய்க்குள் போட்டுப் பார்ப்பேன்; உள்ளே விழுந்தால் அது பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும், கழிவு. விளிம்புகளைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பேன். ஈரமான வெள்ளைத் துணியால் பெயின்டைத் தேய்ப்பேன், ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் வாயில் வைப்பார்கள். தட்டி வாசிக்கும் சைலஃபோனின் தகடுகளை ஒவ்வொன்றாகச் சுருதி பார்ப்பேன். மலிவான சைலஃபோன்கள் சுருதி சேராதவை; பிழையான சுருதியை மூன்று வயதில் கேட்டுப் பழகிய காது பிறகு திருந்த நாளாகும் என்று என் மேற்பார்வையாளர் பானி எவா சொல்வார். பானி என்றால் அங்கே அம்மணி என்பது போல. தேறாத சாமானை அப்படியே குப்பையில் போட முடியாது. யாராவது எடுத்துப் போய்ப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கட்டையில் வைத்துச் சுத்தியலால் உடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு உடைப்பேன்.

அந்த மேசையிலிருந்துதான் ஆரணிக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தேன். ஒரு வயதுக்குக் கிலுக்கி. ஒன்றரை வயதுக்கு இருபத்துநான்கு கட்டைகள். தானே பாடி, தானே ஓடி, பிள்ளையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வைக்கும் பற்றரிச் சாமானை விட, பிள்ளை கைவைத்தால்தான் ஏதாவது ஆகும் சாமான் நல்லது என்பதை அங்கேதான் படித்தேன். இரண்டரை வயதுக்குச் சைலஃபோன். மூன்றரைக்குக் கதவு திறக்கும் மர பஸ், உள்ளே எட்டுப் பயணிகள். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் ஆரணி அவற்றோடு விளையாடுவதைப் பார்த்தேன். கட்டையைக் கன்னத்தோடு வைத்துச் சிரித்தாள். சைலஃபோனை ஒருமுறை தட்டினாள். பஸ்ஸைத் தூக்கிக் காட்டினாள். எல்லாவற்றையும் குறித்து வைத்தேன்.

பானி எவா ஒருநாள் கேட்டார்: "உன் மகள் இதுவரை எத்தனையை உடைத்தாள்?" எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளி இருக்கிறது. அங்கே எங்கள் சாமான்களைக் கடித்து, எறிந்து, பனிக்குள் புதைத்து, மாதமொருமுறை ஒரு கூடை நிறைய முறிந்த துண்டுகளைத் திருத்தத்துக்கு அனுப்புவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆகவே பெருமையோடு சொன்னேன்: "ஒன்றையும் உடைக்கவில்லை." நான் கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து, இரண்டு கையாலும் குச்சியை முறிப்பதுபோலச் செய்துகாட்டித் திரும்பக் கேட்டார். "பூச்சியம்" என்றேன். அவர் பையிலிருந்து ஒரு பிடி டொபி எடுத்து என் கையில் வைத்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். பிள்ளையை நன்றாக வளர்ப்பதற்குப் பாராட்டு என்று நினைத்தேன். அன்றைய குறிப்பில் அப்படியே எழுதியும் இருக்கிறேன்.

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் நாளே அந்தப் பூச்சியம் விளங்கிவிட்டது. ஹோலில் இருக்கும் கண்ணாடி அலுமாரியில், கல்யாணப் படத்துக்கும் யாரோ கொடுத்த தேநீர்க் கோப்பைத் தொகுதிக்கும் நடுவில், நான் அனுப்பியவை எல்லாம் பெட்டிகளோடு அடுக்கியிருந்தன. படம் போட்ட பக்கம் கண்ணாடியைப் பார்த்தபடி. அலுமாரி பூட்டியிருந்தது. இது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. ஜெர்மனியிலிருந்து மாமா எனக்கு அனுப்பிய ரயிலும் யாழ்ப்பாணத்து வீட்டில் இப்படித்தான் இருந்தது. இடம்பெயர்ந்தபோது அதைப் பெட்டியோடு விட்டுவிட்டு வந்தோம். அந்த ரயில் ஓடுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்பதாம் நாள் ஆரணியைக் காலி வீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப்போய், "விரும்பினதை எடு குஞ்சு" என்றேன். அவள் ஒரு பொம்மை வீட்டின் முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தாள். பிறகு வேண்டாமென்று தலையாட்டினாள். "இது பெரிசு. அலுமாரிக்குள்ள போகாது." கடைக்காரப் பெண் சிரித்து, "பாருங்கோ அண்ணே, வீட்டில இடம் பாத்துத்தான் சாமான் எடுக்கிறா. நாளைக்குக் குடும்பம் நடத்துவா" என்றாள். நானும் சிரித்தேன். ஒன்றும் வாங்காமல் வந்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாசுகி லீவு முடிந்து, பாமன்கடையில் அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு 8.15க்குப் போனாள். முதல்முறையாகப் பிள்ளையும் நானும் வீட்டில் தனியே. 8.30க்கு வாசுகியின் தையல் டப்பாவிலிருந்து சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தேன். ஆரணி ஓடி வந்து என் காலைப் பிடித்தாள். "வேண்டாம். அம்மா ஏசுவா."

"ஏசமாட்டா. இதெல்லாம் உன்ர."

கட்டைகளைத் தரையில் கொட்டினேன். ஆரணி ரிமோட்டை எடுத்து வந்து பெட்டியில் சாய்த்து வைத்தாள். அதன் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தோடு வைத்துச் சிரித்தாள். "தாங்க் யூ அப்பா" என்றாள். பிறகு இருபத்துநான்கையும் அதனதன் குழியில் அடுக்கி மூடியைப் போட்டாள். அடுத்தது சைலஃபோன்: ஒரு தட்டு, ஒரு சிரிப்பு, பெட்டி. அதற்குப் பிறகு பஸ். எல்லாவற்றுக்கும் நாலு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை விளையாட்டு அவ்வளவுதான். எந்தச் சாமானுக்கு எந்தச் சிரிப்பு என்பதுகூட அவளுக்குப் பாடம்.

"நானும் விளையாடட்டோ?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து, "ஓம். நீங்கள் பக்கத்து வீட்டு அன்ரி. சத்தம் போடக்கூடாது. அப்பா கதைக்கிறார்" என்றாள்.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். உடைந்தாலும் ஒன்றும் நடக்காது என்று ஒருமுறை கண்ணால் கண்டால் பிள்ளையின் பயம் தெளியும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். குசினியிலிருந்து தேங்காய் உடைக்கும் கத்தியை எடுத்து வந்தேன். "இஞ்ச பார் குஞ்சு. உடைஞ்சால் என்ன? ஒண்டுமில்லை" என்று சொல்லி, பஸ்ஸைத் தரையில் வைத்துக் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு அடி அடித்தேன். மூன்றரை வருடம் உடைத்துப் பழகிய கை. ஒரே அடியில் கூரை இரண்டாகப் பிளந்தது. பயணிகள் எட்டுப்பேரும் அலுமாரியின் அடியில் உருண்டார்கள்.

ஆரணி அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியிருப்பேன். கத்தியையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து சுவரில் முட்டி நின்றாள். அவளுடைய சட்டை நனைந்து தரையில் ஈரம் பரவியது. நான் கத்தியை வைத்ததும் குனிந்து, எட்டுப் பயணிகளையும் தேடிப் பொறுக்கினாள். முறிந்த துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டு மூடி, படம் போட்ட பக்கம் வெளியே தெரியும்படி அலுமாரியில் வைத்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து, என் காதில் விழாமல் இருக்கக் கையால் பொத்திக்கொண்டு, "அப்பா, உடையேல்ல" என்றாள்.

மாலை 6.40க்கு வாசுகி வந்தாள். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"ஏன் பூட்டி வைச்சனான் எண்டு கேக்கிறீங்களோ? உங்கட டயறியை எடுத்துப் பாருங்கோ. சிவப்புக் கட்டை காணாமல் போன கிழமை."

எனக்கு நினைவில்லை. நாட்குறிப்புகள் தொலைபேசியில் படமாக இருக்கின்றன, தேடினேன். மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு: "கட்டைகள் 23 மட்டும். சிவப்பு ஒன்று குறைவு. எங்கே என்று மூன்று முறை கேட்டேன். வாசுகி அழுதாள்." அடுத்த ஞாயிறு: "24உம் உண்டு. திருப்தி."

"நீங்கள் ஒவ்வொரு கிழமையும் எண்ணினீங்கள்," என்றாள் வாசுகி. "நாள் முழுக்க வேலை செய்து போட்டு வந்து கட்டிலுக்குக் கீழ டோர்ச் அடிச்சுக் கட்டை தேடினனான். பிறகு பூட்டினன். ஞாயிறு வாறதுக்கு முதல் ரிமோட்டை வைச்சு அவளுக்குப் பழக்கினன், கமெராக்கு முன்னால நடுங்காமல் இருக்கட்டும் எண்டு. உங்களுக்கு வேணுமெண்டதை நாங்கள் காட்டினம்தானே? இப்ப வந்து விளையாடு விளையாடு எண்டு பிள்ளைக்குக் கத்தி காட்டுறீங்கள்."

"நான் கத்தி காட்டேல்ல."

"அவளைக் கேளுங்கோ."

கேட்கவில்லை. ஆரணி அன்று தாயின் மறுபக்கம், சுவரோடு ஒட்டிப் படுத்தாள்.

என்னைப்போல வெளிநாட்டிலிருந்து பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் அனுப்பும் தகப்பன்மாருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். விளிம்பைத் தடவிப் பாருங்கள், பெயின்டைத் தேய்த்துப் பாருங்கள், சுருதியைக் கேட்டுப் பாருங்கள். அனுப்பிய பிறகு ஒன்றையும் கேட்காதீர்கள். உடைந்துவிட்டது என்று வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தால், உங்கள் பிள்ளை விளையாடியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே இல்லை. வராதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை. முதல் வேலையாக, இருவரும் எழும்புவதற்கு முன்பே கடற்கரைக்குப் போனேன். தண்டவாளத்தைக் கடந்து கருங்கற்களில் உட்கார்ந்து, ஆரணி எழும்பும் நேரம் வரை காத்திருந்தேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பின்னால் கடல் தெரியாதபடி, முகமும் வானமும் மட்டும் விழும்படி தொலைபேசியைப் பிடித்து, வாசுகிக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவள் திரையில் என்னைப் பார்த்தாள். "ஆரணி, அப்பா" என்று சொல்லித் தொலைபேசியைக் கொடுத்தாள்.

"அப்பா!" என்று திரை முழுக்க முகம் வந்தது. முன்பல் ஆடுகிறது என்றாள், ஆட்டிக் காட்டினாள். பதினேழு நாள் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. பிறகு திரும்பி அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, பஸ்ஸை நான் உடைக்கேல்ல. இஞ்ச வந்து நிக்கிற அப்பாதான் உடைச்சவர். ஏசாதேங்கோ."

"ஏசமாட்டன் குஞ்சு."

"அவர் எப்ப போவார்?"

"சனிக்கிழமை."

அவள் விரல்களை மடக்கிப் புதன், வியாழன், வெள்ளி, சனி என்று எண்ணினாள். எண்ணி முடித்து நாலு விரல்களையும் திரைக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினாள். சரியாகத்தான் எண்ணியிருந்தாள்.