ட்ரம்பெட் இல்லாத ஆல்பம்

எங்க ரெண்டாவது ஆல்பத்தைப் பத்தி நெட்டுல ஒருத்தர் எழுதியிருந்தார், இசை முதிர்ச்சி அடைஞ்சிடுச்சாம். மண்ணாங்கட்டி! ட்ரம்பெட் ஊதறவன் கடலுக்குப் போயிட்டான், அவ்வளவுதான் விஷயம்.

நாங்க மூணு பேர். நான் தஞ்சாவூர், பாட்டு, கிட்டார். டிரம்ஸ்காரனுக்கு ஒரத்தநாடு பக்கம் வயல். ட்ரம்பெட்காரன் தரங்கம்பாடி, மிஷன் பள்ளிக்கூட பேண்டுல ஊதிப் பழகினவன், இப்ப விசைப்படகுல வேலை. நாங்க வாசிச்சது ஸ்கா-பங்க். கிட்டார் வெட்டி வெட்டி விழும், டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், எல்லாத்துக்கும் மேல ட்ரம்பெட் ஏறி நிக்கும். முதல் ஆல்பத்தை மீன்பிடித் தடைக்காலத்துல பதிவு பண்ணினோம். படகெல்லாம் கரையில, வயலும் காஞ்சு கிடந்துச்சு, அதனால எல்லாருக்கும் ஓய்வு.

அடுத்ததுக்கும் தடைக்காலத்தைத்தான் நம்பியிருந்தோம். அதுக்குள்ள டிரம்ஸ்காரன் வீட்டுல வயலுக்கு போர்வெல் போட்டுட்டாங்க. மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடியே, மோட்டார் தண்ணியில குறுவைக்கு நாத்து விட்டுட்டான். கூப்பிட்டா, "நடவு முடியட்டும்டா"ன்னான். நடவு முடியறதுக்கும் தடை முடிஞ்சு படகெல்லாம் கிளம்பறதுக்கும் சரியா இருந்துச்சு. ஸ்டுடியோவை இன்னொரு தடவை தள்ளிப்போட முடியலை.

ஸ்டுடியோக்காரங்க வேற ஆளை வச்சு ஊதச் சொன்னாங்க. எனக்கு வந்துச்சே கோபம்! அவன் ஊத வேண்டிய இடத்தையெல்லாம் அப்படியே காலியா விட்டேன். வேகமா வாசிச்சா, அது பல்லு போன வாய் மாதிரி இருந்துச்சு. அதனால வேகத்தைக் குறைச்சோம். அதுதான் அந்த முதிர்ச்சி.

முதல் ஆல்பத்தைவிட நல்லாவே ஓடுச்சு. எனக்குத்தான் பயம். ட்ரம்பெட்காரன் இதைக் கேட்டுட்டு, இனிமே நாம தேவையில்லைன்னு ஒதுங்கிடுவானோ?

படகு கரைக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், வலையைச் சரிபண்ணிக்கிட்டிருந்தவன் காதுல ஹெட்போனை மாட்டினேன். முழுசும் கேட்டான்.

"நல்லாருக்கு மாப்ள. நான் இல்லாததாலதான் நல்லாருக்கு."

சிரிச்சுக்கிட்டே சொன்னான், பாவி. ஹெட்போனை அவன் காதுலருந்து பிடுங்கினேன்.

"போடா லூசு, அதெல்லாம் உனக்காக விட்ட இடம்டா. போய் ட்ரம்பெட்டை எடுத்துட்டு வா."

படகு மேல உட்கார்ந்து ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டோம். முதல் காலி இடம் வந்ததும் ஊதினான், பழைய வேகத்துலயே. பாட்டு நாசமாப் போச்சு. பக்கத்துப் படகுக்காரர், "ஏம்ப்பா, நல்லா போயிட்டிருக்கற பாட்டைக் கெடுக்கறீங்க?"ன்னு சத்தம் போட்டார். அவன் நிறுத்தப் போனான். நான் விடலை, கடைசி வரைக்கும் ஊத வச்சேன்.

அதை என் போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன். ரெண்டாவது ஆல்பம்னா, எனக்கு அதுதான்.