அத்தை வீட்டில் எங்கள் ஹோட்டல்

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக எங்கள் அப்பா ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருடம் சாலையில் கார்களுக்குக் குறைவில்லை. எங்கள் கடையில் நிற்கிற கார்களுக்குத்தான் குறைவு. அப்பா சேலத்திலிருந்து ஆள் வரவழைத்துப் பெரிய போர்டு எழுதி வைத்தார். தலைவாழை இலை, அதில் ஆவி பறக்கும் சோறு, மேலே ரோஜாப்பூ. ரோஜாப்பூ எதற்கென்று அம்மா கேட்டதற்கு, இடம் மிச்சமிருந்தது என்றார். போகிற கார்க்காரர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் சித்தப்பா. கல்யாணம் ஆகாதவர், எங்களோடு இருந்தவர், தர்மபுரியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தவர்.

“இப்பல்லாம் யாருங்கண்ணா போர்டு பாக்கறாங்க? பசிச்சா போனைத்தான் பாக்கறாங்க. மேப்ல நம்ம கடை இருக்கணும்.”

சில நாள் கழித்துத் தன் போனை நீட்டினார். அதில் எங்கள் கடையின் பெயர், வாசலில் கைகட்டி நிற்கும் அப்பா. அப்பா மெல்லத் தொட்டுப் பார்த்தார். தன் முகம் சட்டென்று பெரிதாகிவிட்டதும் விரலை எடுத்துக்கொண்டார். இனிமேல் உலகத்தில் எங்கிருந்து தேடினாலும் எங்கள் கடை வரும் என்று சித்தப்பா சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் அதை அப்படியே சொல்லித் திரிந்தேன்.

உலகம் வரவில்லை. அப்பா கூடுதலாக வடித்த சோறு மீந்தது. மேப்பும் ரோஜாப்பூ மாதிரிதான் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு சாயங்காலம் சித்தப்பா வண்டியை நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல் கத்திக்கொண்டே வந்தார்.

“அண்ணா, நம்ம கடையைப் பத்தி எழுதியிருக்காங்க! அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்களும் கேட்கும்படி உரக்கப் படித்தார். ராகிக் களியும் கீரைக் கடைசலும் அமிர்தம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஹோட்டல் என்றே தோன்றவில்லை, சொந்த வீட்டில் சாப்பிட்டது போல் இருந்தது என்று இன்னொருவர். வாசலில் கட்டியிருந்த எருமைக்கன்றைக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று ஓசூர்க்காரர் ஒருவர்.

அப்பா கல்லாவிலிருந்து எழுந்தார்.

“நம்ம கடையில களி ஏதுடா?”

சித்தப்பா விழித்தார். ‘எருமைக்கன்று’ என்று லாரிக்காரர்களில் ஒருவர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே எங்கள் தண்ணீர் டிரம்தான் இருந்தது.

எழுதியவர்கள் படமும் போட்டிருந்தார்கள். நீலக் கதவு, வரிசையாக வாழையிலை, ஓரத்தில் கரண்டியோடு குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் பாதி முகம். பாதி முகமே போதுமாக இருந்தது. அது எங்கள் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. சாலையிலிருந்து மாந்தோப்பு வழியாக உள்ளே போனால் அவர் வீடு. அத்தை மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்ற முறையில் அப்பாவின் மடியில்தான் அவனை உட்கார வைத்திருக்க வேண்டும். அன்று பார்த்துக் கடையில் ஒரு கோயில் பஸ் கூட்டம் இறங்கிவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று வேறு யார் மடியிலோ வைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த்தட்டோடு போன அப்பா அப்படியே திரும்பி வந்தார். எனக்காகக் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று அவருக்கு. அக்கா பிள்ளையைவிட இவனுக்குச் சோத்துக் கடை பெரிதா என்று அத்தைக்கு. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது உத்தரவு.

“கடையை மேப்ல போட்டப்ப நீ எங்கடா இருந்த?” என்றார் அப்பா.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடையைச் சேர்க்கும்போது போன் இருக்கிற இடத்தில்தான் புள்ளி விழுமாம். மதியச் சாப்பாடு தர்மபுரியில் ஆகிறது என்று அவர் எங்களிடம் சொல்லி வந்ததெல்லாம் பொய். தினமும் அக்கா வீட்டுக் களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி ஒரு நாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே எங்கள் கடையை அங்கே நட்டுவிட்டார். அதன் பிறகு அங்கே வந்து நின்ற கார்களையும் யாரோ விருந்தாளிகள் என்றே நினைத்தாராம்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனார். தோள் குலுங்கியதால் அழுகிறார் என்று நினைத்தேன்.

“இப்பவே மாத்திடறேன், அண்ணா. ஒரு நிமிஷ வேலை.”

“இரு. அந்த வூட்டுல கேக்காம எப்படி மாத்தறது?” என்றார் அப்பா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, என்னை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். அத்தை வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றிருந்தன. எருமைக்கன்றைச் சுற்றிக் குழந்தைகள். அப்பா வண்டியை அணைத்துவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

அத்தை குழம்புச் சட்டியோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

“என்ன, இப்பதான் வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?”

அப்பா வண்டியிலிருந்து இறங்கினார். “போன்ல காட்டுச்சுக்கா.”

அத்தை சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். உதட்டை மடித்துப் பார்த்தார், முடியவில்லை. சட்டி ஆடிக் குழம்பு கொஞ்சம் கீழே சிந்தியது.

“வந்தவன் அங்கயே நிக்காத. உள்ள எட்டு பேரு இலை முன்னாடி உக்காந்திருக்காங்க. ரசத்தை எடுத்துக்க.”

அப்பா வெளுத்த சட்டையோடு ரசம் ஊற்றினார். நான் தண்ணீர் வைத்தேன். பந்தி ஓய்ந்ததும் அத்தை எங்களுக்கு இலை போட்டுவிட்டு, முதலில் வந்த கார்க்காரர்களின் கதையைச் சொன்னார். அவர்களை மாமா வழிச் சொந்தம் என்று நினைத்துக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, சாப்பாடு போட்டு, வேளைக்கு ஒரு சொந்தம் வருதே என்று உள்ளே போய் முணுமுணுத்தாராம். எவ்வளவு ஆச்சு என்று அவர்கள் கேட்டபோது கோபமே வந்துவிட்டதாம்.

“அப்பறம் போனைக் காட்டினாங்க. பாத்தா, இவன் கையைக் கட்டிட்டு நிக்கறான். சரி, தம்பிதான் ஆள் அனுப்பறான்னு நெனச்சேன். ரெண்டு வருசமா மூஞ்சியக் காட்டாதவன் பேரைச் சொல்லிட்டு வந்தவங்களைப் பசியோட அனுப்ப முடியுமா?”

அப்பா களியை உருட்டிக் கீரையில் தோய்த்து விழுங்கிக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா அன்றைக்கே புள்ளியைக் கடைக்கு நகர்த்திவிட்டார். ஆனால் அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் களி கேட்டார்கள். எனவே அத்தை தினமும் காலையில் மாமாவின் வண்டியில் வந்து எங்கள் அடுப்பைக் கைப்பற்றினார். அம்மாவுக்கும் அவருக்கும் உப்பு விஷயமாக நாளொரு சண்டை நடந்தது. யாரும் பேசாமல் மட்டும் இருக்கவில்லை.

அந்த வாரம் வகுப்பில் டீச்சர், செல்போனால் என்ன நன்மை என்று கேட்டார். மற்றவர்கள் பாட்டு கேட்கலாம், போட்டோ எடுக்கலாம் என்றார்கள். நான் எழுந்து நின்று கணீரென்று சொன்னேன்: “எங்கப்பாவுக்கு அத்தை வூட்டுக்குப் போற வழி ரெண்டு வருசமா தெரியாம இருந்துச்சு டீச்சர். போன்தான் காட்டிக் கொடுத்துச்சு.”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அத்தை வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டார். மாந்தோப்பு தாண்டினால் வந்துவிடும், நடந்தே போகலாம் என்றேன். “உக்காரு கண்ணு” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் போய்த் தன் போனை எடுத்து அதில் ஒரு பெயரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். என் பதில் தப்பு போலிருக்கிறது என்று எனக்கு ஒரே வருத்தம்.