டயருக்கு ஒரு விரல் வெண்ணெய்

"வெண்ணெய் தடவினது நான்தான். அவ தடவல."

போலீஸ்காரர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் கேட்டது இறந்தவரின் வயதை.

"வயசு கேட்டேன் பெரியவரே."

"அம்பத்தி நாலு. ரெண்டு டயருக்கும் தடவினேன். நடுவுல மட்டும் இல்ல. ஓரம் வரைக்கும், நல்லா வழிச்சு வழிச்சு."

பக்கத்தில் நின்ற ஜம்பா, தாய்மாமனின் தோளைத் தொட்டான். "மாமா, சும்மா இருங்க."

கோன்சிக் சாதாரணமாகச் சும்மா இருக்கிற ஆள்தான். நாள் முழுக்க ஆடுகளோடு கிடந்து, சாயங்காலம் வீடு திரும்பி இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். பேசுவதெல்லாம் அவர் பெண்டாட்டி சேவ்ஜித்தின் வேலை. அவள் இப்போது ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் ஒரு வெள்ளைத் துணிக்குக் கீழே இருந்தாள். அதே கட்டிடத்தின் முன்பக்க அறையில் அவர்களுடைய மகள் அரியுனா இருந்தாள். அம்மா வந்துகொண்டிருக்கிறாள் என்று அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோன்சிக் ஒரு கையைத் தன் அங்கியின் மார்புக்குள் விட்டு, எதையோ பிடித்தபடியே நின்றார்.

சேவ்ஜித் டாக்டர் இல்லை. இரண்டு வருஷம் படித்து, ஊசி போடவும் காயம் கட்டவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவள். எண்பது கூடாரங்கள் அவள் பொறுப்பு. அதில் ஒன்றுகூட ஒரே இடத்தில் நிற்காது. குளிருக்கு ஒரு பக்கம், புல்லுக்கு ஒரு பக்கம் என்று ஜனங்கள் பெயர்ந்துகொண்டே இருப்பார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவளுடைய சிவப்பு மோட்டார் சைக்கிளுக்குத் தெரியும்.

"உன் குதிரைக்குப் புல்லு வேணும், தூக்கம் வேணும், பத்தாததுக்குத் தடவிக் குடுத்துப் பாராட்டணும்," என்பாள் கோன்சிக்கிடம். "என் வண்டி பெட்ரோலக் குடிச்சிட்டு வாய மூடிக்கிட்டு வரும்."

"அதான் ஆத்துக்கு நடுவுல வாய மூடிக்கிட்டு நின்னுச்சே, போன மாசம்."

"அது தண்ணி குடிக்க நின்னுச்சு."

போகிற இடத்திலும் வாய் ஓயாது. மூன்று நாளாக வயிறு போகவில்லை என்று ஆள் அனுப்பிய ஒரு கிழவர், அவள் அறுபது கிலோமீட்டர் வந்து இறங்கியதும், இப்போது சரியாகிவிட்டது என்றாராம். "நான் வண்டில குலுங்கிக் குலுங்கி வந்ததுக்கு உங்களுக்குப் போயிடுச்சா? அப்ப அடுத்த தடவ பாதி தூரம் வந்தாப் போதும்ல?" என்று கேட்டுவிட்டு, அவர் மருமகள் ஊற்றிய உப்பு டீயை மூன்று கிண்ணம் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அந்த வண்டியின் பின் டயர் வருஷக்கணக்கில் ஓடி, நடுப்பாகம் தேய்ந்து, பலகை மாதிரி தட்டையாகிவிட்டது. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். சாய மாட்டேன் என்று முரண்டும். சேவ்ஜித் கைப்பிடியைத் தோளால் அழுத்தி அழுத்தித் தள்ளுவாள். தள்ளித் தள்ளி அவளுடைய வலது தோள் இடதைவிடத் தடித்துப் போயிருந்தது. கோன்சிக் அதைச் சொல்லிக் கேலி செய்வார்.

போன வருஷ வசந்தத்தில் அந்தக் கேலி நின்றது.

அரியுனாவின் முதல் பிரசவம். ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பனி உருகுகிற காலம், ஆற்றங்கரை முழுக்கச் சேறு. தேய்ந்த டயர் சேற்றில் சும்மா சுழன்றதே தவிர, ஒரு முழம் நகரவில்லை. சேவ்ஜித் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். போய்ச் சேரும்போது நாலு மணி நேரம் தாமதம். பிள்ளை இல்லை. தன் கையாலேயே அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் டயரை ஓங்கி ஓர் உதை விட்டாள். அப்புறம் அவளே தண்ணீர் கொண்டுவந்து அந்தச் சேற்றைக் கழுவினாள்.

இந்த வருஷம் அரியுனா மறுபடி உண்டானபோது, "இந்தத் தடவ உன் கைய நான்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்," என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். அரியுனாவை முன்கூட்டியே மலைக்கு அந்தப் பக்கம், வட்டத்து ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் தங்கும் அறையில் சேர்த்தாயிற்று. கோன்சிக் யாரிடமும் கேட்காமல், கம்பளி லாரி ஓட்டும் ஜம்பாவிடம் சொல்லி இரண்டு புது டயர் கொண்டுவரச் செய்தார்.

அவற்றை மாட்டியது நேற்றுச் சாயங்காலம்.

"மாமா, இதக் கேட்டுக்கங்க," என்றான் ஜம்பா, கடைசி நட்டை முறுக்கியபடி. "புது டயர் மேல வழவழன்னு ஒரு தோல் இருக்கும். ஒரு நூறு கிலோமீட்டராவது ஓடி அது தேயணும். அதுவரைக்கும் சாய்ச்சு ஓட்டக் கூடாது."

"எனக்கா சொல்ற?" என்றாள் சேவ்ஜித். "புதுசாப் பொறக்கறது எல்லாமே வழவழப்பாத்தான்டா வரும். உன்னயே நான்தான் தொடச்சு விட்டேன். மீனு மாதிரி வழுக்கின."

"ஆரம்பிச்சிட்டீங்களா அத்தை."

அவள் கூடாரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தாள். முதல் திருப்பத்தில் வழக்கம்போலத் தோளைக் கொடுத்தாள். வண்டி சடாரென்று படுக்கப் போனது. காலை ஊன்றித் தப்பித்தாள். நாய்கள் குரைத்தன.

"என்ன புள்ள ஆச்சு?"

"இது என் வண்டியே இல்லய்யா. யாரோ மாத்தி வச்சிட்டாங்க." அவளுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. "பழசு கெஞ்சினாத்தான் சாயும். இது நான் நெனைக்கிறதுக்கு முன்னாடியே சாயுது. உருண்டையா இருக்குல்ல, தொட்டாப் போதும்."

"அப்ப தள்ளாத."

"இத்தன வருஷம் தள்ளின தோளுக்கு அத யாரு சொல்றது? ரெண்டு நாள் இங்கனக்குள்ளயே ஓட்டறேன். தோளுக்குப் புத்தி வரட்டும்."

இரண்டு நாள் கிடைக்கவில்லை. காலை ஏழரைக்கு டாக்டர் பக்மாவின் போன் வந்தது. மூன்று வாரம் முன்னதாகவே அரியுனாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஜம்பாவின் லாரி விடியும்போதே அடுத்த முகாமுக்குப் போய்விட்டிருந்தது. புல்லெல்லாம் உறைபனி. சேவ்ஜித் பெட்டியை வண்டியில் கட்டினாள். டீ கிண்ணத்திலேயே ஆறியது.

புதுப்பொருள் எதுவானாலும் முதல் பயணத்துக்கு முன்னால் அதற்கு வெண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். புதுக் கூடாரத்தின் உச்சி வளையத்துக்கு, புதுச் சேணத்துக்கு, பிறந்த பிள்ளையின் நெற்றிக்கு. ஒரு விரல் வெண்ணெய், நாலு நல்ல வார்த்தை. அவ்வளவுதான் முறை. அவள் உள்ளே கையுறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கோன்சிக் வெண்ணெய்ப் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் மண்டியிட்டார்.

ஒரு விரல் வைத்தார். போன வசந்தத்துச் சேறு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு விரல் எந்த மூலைக்குப் போதும் என்று தோன்றியது. நாலு விரலால் அள்ளினார். முன் டயரிலும் பின் டயரிலும், நடுவில் தொடங்கி இரண்டு ஓரம் வரைக்கும், ரொட்டியில் தடவுகிற மாதிரி தடவினார். குளிரில் அது கட்டியாக ஒட்டிக்கொண்டது. "போற வழி தெறந்து கெடக்கட்டும். இந்தத் தடவ நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்," என்றார்.

சேவ்ஜித் வெளியே வந்து பார்த்தாள். ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அவர் மரக்கரண்டியால் பாலை எடுத்து அவள் போன திசையில் மூன்று முறை தெளித்தார். புகை மறையும்வரை நின்றார்.

கணவாய் வரைக்கும் நாற்பது கிலோமீட்டர் வெறும் சமவெளி. நேர்ப்பாதை. எங்கேயும் சாய்க்க வேண்டிய அவசியமில்லை. கணவாயின் உச்சியில் மலைத் தெய்வத்துக்கான கற்குவியல் இருக்கிறது. போகிறவர்கள் இறங்கி அதை மூன்று முறை வலம் வருவார்கள். சேவ்ஜித் வண்டியோடேயே வலம் வருவாள். அவசரக்காரர்கள் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவதும் உண்டு. அப்படிப் போகிறவர்களை அவள் திட்டுவாள், "சாமிக்கு என்ன காது மட்டுந்தானா இருக்கு?" என்று.

இன்று அவள் ஹாரன்தான் அடித்தாள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த சாலைத் தொழிலாளிகள் கேட்டிருக்கிறார்கள். கை காட்டியிருக்கிறார்கள். வலம் வந்திருந்தால் வலது ஓரத்து வெண்ணெய் மண்ணிலும் கல்லிலும் தேய்ந்து அங்கேயே போயிருக்கும். வரவில்லை. அதைத் தாண்டியதும் புதுத் தார்ச் சாலை, இறக்கம். வலப்பக்கம் முதல் திருப்பம்.

"வண்டி சாயல," என்றான் பார்த்த தொழிலாளி. "அப்படியே கீழ போயிடுச்சு. அந்தம்மா வேகமாக்கூட வரல."

ஓரத்துக் கல்லில் தலை. அவர்கள் வேலை லாரியில் அவளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாதி வழி வரைக்கும் மூச்சு இருந்ததாம்.

விஷயம் கேள்விப்பட்டு ஜம்பா திரும்பி வந்து மாமாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. முற்றத்தில் அந்த லாரி நின்றது. மேலே வண்டி கிடந்தது. கோன்சிக் கிட்டே போய் டயரைப் பார்த்தார். நடுப்பாகம் சுத்தமாக, சாம்பல் நிறமாக இருந்தது. இடது ஓரத்தில் வெண்ணெய் அப்படியே, தூசியும் புல்லும் ஒட்டி இருந்தது. அதில் அவருடைய நாலு விரல் கோடு தெரிந்தது. வலது ஓரத்தில் கோடுகளை அழித்துக்கொண்டு ஒரே நீள இழுப்பு.

"ரோட்டுல பனி, வண்டி வேகம்னு எழுதிக்கறேன்," என்றார் போலீஸ்காரர்.

"வேகம் இல்ல. வெண்ணெய்னு எழுதுங்க."

"அப்படி எழுத முடியாது பெரியவரே. மேல இருக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"அப்ப என் பேரையும் எழுதச் சொல்லுங்க மாமா!" ஜம்பா குறுக்கே வந்தான். "டயர் கொண்டாந்தவன் நான். அந்தத் தோலு தேயாம அத்தை எப்படி மல ஏறுவாங்கன்னு யோசிக்காம லாரிய எடுத்துக்கிட்டுப் போனவன் நான்."

போலீஸ்காரர் ஜன்னல் வழியாகத் தன் ஜீப்பைப் பார்த்தார். அதன் முன் சக்கரத்தில், அவர் வீட்டில் யாரோ வழியனுப்பித் தெளித்த பால் காய்ந்து வெள்ளையாக இருந்தது. "பனின்னு மட்டும் எழுதறேன்," என்று தாளை மடித்தார்.

அப்போது டாக்டர் பக்மா வந்தாள். அழுதுவிட்டுக் கழுவிய முகம். சேவ்ஜித்தும் அவளும் பதினெட்டு வருஷச் சிநேகிதம்.

"பொண்ணு. பதினொண்ணு பத்துக்குப் பொறந்துச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அவகிட்ட இன்னும் சொல்லல. நான் சொல்லட்டுமாண்ணே?"

"நானே சொல்றேன்."

அறையில் அரியுனா அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"அம்மா எங்கப்பா? வண்டிய நிறுத்திட்டு வர்றாளா? இந்தத் தடவயும் லேட்டு! வரட்டும், பேசிக்கறேன்." பிள்ளையை அவர் கையில் வைத்தாள். "முதல்ல இதப் பாருப்பா."

ஆயிரம் ஆட்டுக்குட்டி ஏந்திய கை அது. மூக்கு காய்ந்த தயிர்க்கட்டி அளவுகூட இல்லை. நெற்றியில் மூன்று சுருக்கம், ஏதோ கணக்குத் தப்பியது போல. வாயை ஒரு பக்கமாகக் கோணி அது கொட்டாவி விட்டது. சேவ்ஜித் காலையில் விடுகிற கொட்டாவி. சந்தோஷம் அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. அது வந்ததற்காகவே அவருக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

நின்றபடியே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. பனி என்று சொல்லவில்லை. வெண்ணெய் என்று சொன்னார், நாலு விரல் என்று சொன்னார், ஓரம் வரைக்கும் என்று சொன்னார்.

அரியுனா கத்திய கத்தலில் பிள்ளையும் அழுதது. பக்மா ஓடி வந்தாள். யாரும் யாரையும் தேற்ற முடியவில்லை. வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துப் படுத்தபடியே அவள் கேட்டாள்.

"நீ தடவினத அம்மா பாத்தாளா?"

"பாத்தா."

"அவளுக்குத் தெரியுமேப்பா. எல்லாந் தெரியுமே. தொடைக்கச் சொல்லலியா?"

"இல்ல."

"பின்ன என்னதான் சொன்னா?"

கோன்சிக் அங்கிக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார். சின்ன வெண்ணெய்ப் பை. காலையிலிருந்து நெஞ்சுச் சூட்டில் இளகிப் போயிருந்தது.

"போதும்யா, டயர் என்ன உக்காந்து திங்கவா போகுது? மிச்சத்த எடுத்து வை, புள்ள நெத்திக்கு வேணும்னு சொன்னா."